மதுரை அரண்மனையில் கற்ற கல்வி

தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கி நிற்கும் விம்கோ நகரிலிருந்து காலை வேளையில் கடற்கரை நிலையத்திற்குப் புறநகர் இரயிலில் செல்வோர், வழியில் இராயபுரம் நிலையத்தின் உயர்ந்த தூண்களைக் காணாமல் போக முடியாது. தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856-இல் அங்கிருந்துதான் புறப்பட்டது. பாழடைந்து கிடந்த அந்நிலையம் 2005-இல் பழைய தோற்றம் கெடாமல் செப்பனிடப்பட்டது. கடற்கரை நிலையத்தில் இறங்கினால், இராஜாஜி சாலையில் செந்நிறச் செங்கற்களால் ஆன மற்றொரு பழங்கட்டடம் எதிர்ப்படும். அது 1884-இல் திறக்கப்பெற்ற தலைமை அஞ்சலகம். அதை வடிவமைத்தவர் இராபர்ட் பெல்லோஸ் சிசோம். சென்னைக்கு அழகிய கட்டடங்கள் பல தந்தவர் என்று அவரைப் பலரும் அறிவர். பிறர் கட்டிய பழைய கட்டடம் ஒன்றைப் பழுது பார்த்த வேலைதான் அவருடைய கலையையே மாற்றியது என்பதை அவ்வளவாக எவரும் நினைப்பதில்லை.

1840-இல் இலண்டனில் பிறந்த சிசோம், இளம் வயதிலேயே இந்தியாவுக்கு வந்து பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்திற்கும் வரைபடம் கோரி 1864-இல் நடந்த போட்டியில் வெற்றி பெற்று, கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்தார். முதலில் எழுந்தது கல்லூரி. 1870-இல் திறக்கப்பட்ட அக்கட்டடம் இத்தாலியப் பாணியைத் தழுவியது. மண் நம்முடையது, ஆனால் கட்டடத்தின் நினைவு முழுவதும் மத்தியதரைக் கடலோரத்தைச் சேர்ந்தது. தாம் கற்றுவந்ததையே அவர் செய்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்போது சென்னையின் ஆளுநராக இருந்தவர் நேப்பியர் பிரபு (1866-1872). இந்நாட்டின் கட்டடக் கலையை இந்நாட்டவரிடமிருந்தே கற்க வேண்டும் என்ற எண்ணம் உடையவர். 1870-இல் அதைப் பற்றிப் பொதுவில் உரையும் ஆற்றியவர். அவர் சிசோமிடம் ஒப்படைத்த பணி, மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைப் பழுது பார்ப்பது.

1636-இல் எழுப்பப்பட்ட அந்த அரண்மனை அன்று இருந்த நிலையை இன்று கற்பனை செய்வது கடினம். திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாதர், தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது அதன் பெரும்பகுதியைப் பிரித்து எடுத்துச் சென்றார். எஞ்சியது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். தத்துவ போதகர் என்று நாம் அறிந்த இராபர்ட் தெ நோபிலி மதுரை மிஷனில் பணியாற்றிய காலத்தில் எழுந்த கட்டடம் அது. ஆகையால் இத்தாலியர் ஒருவர்தான் அதைத் திட்டமிட்டார் என்ற பேச்சு நெடுநாளாக உலவி வருகிறது. அதற்கு உறுதியான சான்று இல்லை. பருத்த தூண்களைக் கண்டவுடன் ஐரோப்பாவைத் தேடி ஓடுவது நம்மவருக்கும் ஒரு பழக்கமாகிவிட்டது.

பழுது பார்க்க வந்தவர் முதலில் அளக்க வேண்டும். தூணின் சுற்றளவு, வளைவின் எழுச்சி, சுவரின் கனம் ஆகியவற்றை எல்லாம் அளந்து வரையும்போது, இறந்துபோன கொத்தனாரின் கைக்குப் பின்னாலேயே தன் கையும் செல்ல வேண்டியிருக்கும். மரச்சட்டமோ இரும்போ தாங்காமல், செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் மட்டுமே சுமந்து நிற்கும் சொர்க்க விலாசத்தின் விதானம், கணக்குப் படித்த பொறியாளருக்குப் பெரிய புதிர். அதன் விடையை நூலில் தேடுவதைவிடச் சாரத்தின் மேல் நின்ற கொத்தனாரிடம் கேட்பது எளிது. குவிமாடத்தை மரமுட்டுக் கொடுக்காமலே எழுப்பும் உள்நாட்டு முறையைச் சிசோம் வியந்து போற்றி, 1880களில் இலண்டன் கட்டடக் கலைஞர் சங்கத்தின் முன் கட்டுரையாகவே படித்தார். அந்தக் கொத்தனார்கள் ஒருவரின் பெயரையும் நாம் அறியோம்.

மகாலை அவர் முழுமையாக மீட்டுவிடவில்லை. அழிந்த முக்கால் பங்கை எவராலும் மீட்க இயலாது. நின்றதை நிற்கச் செய்தார். மாவட்ட நீதிமன்றம் அங்கு இடம்பெற்று 1970 வரை நடந்தது. மன்னர் வீற்றிருந்த கூடத்தில் வழக்கறிஞர்களின் குரல் ஒலிப்பதைச் சிலர் இழிவாக நினைக்கலாம். ஆனால் ஆள் நடமாடும் கட்டடத்தில் ஒழுகும் கூரை உடனே கண்ணில் படும். பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் ஆலங்கன்று வேர்விடுவதை யார் பார்ப்பார்?

மதுரைக்குப் பின் வந்த சிசோம் வேறு ஆள். சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாபின் அரண்மனையை அரசு அலுவலகமாக மாற்றும் பணியில், பழைய இரு மகால்களுக்கும் இசைவாக இடையே ஒரு கோபுரத்தை எழுப்பினார். 1874-இல் தொடங்கி 1879-இல் முடிந்த செனட் மண்டபத்தைக் கல்லூரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே கடற்கரைச் சாலை, ஒரே கலைஞர். ஆயினும் இரண்டாவது கட்டடத்தின் குவிமாடங்களும் வண்ணத் தூண்களும் வேறொரு மனிதர் கட்டியவை போலத் தோன்றும். 1877-இல் எழும்பூர்க் கலைத்தொழிற் பள்ளியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. பரோடாவில் மேஜர் மாண்ட் தொடங்கிய இலட்சுமி விலாச அரண்மனையைக் கட்டி முடித்தவரும் இவரே. தம் கணக்கு தவறு, கட்டடம் இடிந்துவிடும் என்ற அச்சத்திலேயே மாண்ட் 1881-இல் இறந்தார் என்பர். சிசோம் 1890-இல் முடித்த அந்த அரண்மனை இன்றும் நிற்கிறது.

இனி, சுண்ணாம்பைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். மகாலின் தூண்கள் பளிங்குபோல் மின்னுவது கிளிஞ்சல் சுண்ணாம்பால். அதனோடு முட்டையின் வெண்கருவும் கலந்தார்கள் என்பர். கிளிஞ்சல் நம் பகுதிக்குப் புதிதன்று. எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் வாரிய கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு நீற்றி, மணலோடு செக்கில் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் புளிக்க வைத்ததே பழைய காரை. அது மெல்ல இறுகும். இறுகிய பின்னும் சுவரை மூச்சுவிட அனுமதிக்கும். தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். சிமெண்டு அந்த வழியை அடைக்கிறது. அடைபட்ட ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல்லில் உப்புப் பூத்து, கல் பொடியாகிறது.

என் சொந்த ஊர் ஆலயத்தில் இதைக் கண்ணாரக் கண்டேன். நூறாண்டு கண்ட காரையைச் சுரண்டி எறிந்துவிட்டு, திருவிழாவுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் சிமெண்டு பூசினார்கள். நன்கொடையாளர் பெயர்களைக் கல்லில் பொறித்தார்கள். மூன்றாம் மழைக்காலத்தில் பீடத்தின் பின்சுவர் ஊறிப் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. "பழைய கட்டடம் அப்படித்தான், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம்" என்பதே அடுத்த கூட்டத்தின் முடிவு. சுவரின் மேல் பழி விழுந்தது. எவரும் மறுக்கவில்லை, நான் உட்பட.

சிசோமின் கட்டடங்களே இன்று பழுது பார்ப்போரை நாடி நிற்கின்றன. தலைமை அஞ்சலகம் 2000-இல் தீக்கிரையாகிப் பின்னர் செப்பனிடப்பட்டது. செனட் மண்டபம் பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டையொட்டிப் புத்துயிர் பெற்றது. சேப்பாக்கத்தின் கலச மகால் 2012 ஜனவரியில் எரிந்தது. தீயணைக்கச் சென்ற அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். எரிந்ததை இடித்துத் தள்ளாமல் மீட்டெடுத்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இடம்பெற்றது. இத்தகைய பணிகளில் சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் மறுபடியும் தேவைப்படுகின்றன. அவற்றைக் கலக்கும் பதம் அறிந்த கைகள்தாம் குறைந்துவிட்டன.

முதுமையில் சிசோம் இலண்டன் திரும்பினார். அங்கே ஒரு கிறிஸ்தவச் சபைக்காக அவர் வடிவமைத்த ஆலயம் 1907-இல் எழுந்தது. கிழக்கின் வளைவுகளை அவர் அங்கும் விடவில்லை. 1915-இல் அவர் இறந்தார். காலப்போக்கில் சபையார் குறைந்து அந்த ஆலயம் வெறிச்சோடியது. அதை இடிக்காமல் சீரமைத்தார்கள்; 2004 முதல் கடோகன் மண்டபம் என்ற பெயரில் இசையரங்காக விளங்குகிறது. மாலை வேளைகளில் அங்கே மக்கள் கூடுகிறார்கள்.