மணி அடித்தால் அடுத்த அட்டை

மூட்டை எண்ணுபவர் நான்கு கோடுகள் போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து கோடி மக்களை இப்படி எண்ண வேண்டியிருந்தால்? அமெரிக்காவின் 1880-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு பெரும்பாலும் இவ்வாறுதான் எண்ணப்பட்டது. குமாஸ்தா படிவத்தைப் படிப்பார், வயது, பிறந்த நாடு, தொழில் பார்த்து உரிய கட்டத்தில் கோடு போடுவார், பிறகு கூட்டுவார். கேள்வி மாறினால் அதே படிவங்களை மறுபடியும் புரட்ட வேண்டும். அந்தப் பத்தாண்டின் பெரும்பகுதியை இவ்வேலையே விழுங்கிவிட்டது.

அக்கணக்கெடுப்பில் பணியாற்றிய இளம் பொறியாளர் ஹெர்மன் ஹாலரித். பயணியின் முடி, கண், மூக்கு இவற்றின் அடையாளத்தை ரயில் கண்டக்டர் டிக்கெட்டில் துளையிட்டுக் குறித்ததைப் பார்த்தே தமக்கு யோசனை பிறந்ததாக அவர் பின்னர் எழுதினார். 1890 கணக்கில் ஆளுக்கு ஓர் அட்டை. விவரங்கள் யாவும் துளைகள்.

அட்டையை இயந்திரம் படித்த விதம் நம் பௌதிகப் பாடத்திலேயே உள்ளதுதான். அட்டையை வைத்துக் கைப்பிடியை இறக்கினால் ஸ்பிரிங் ஊசிகள் கீழே வரும். துளை இல்லாத இடத்தில் ஊசி அட்டையில் முட்டி நிற்கும். துளை உள்ள இடத்தில் அது உள்ளே சென்று, அடியிலுள்ள சிறு கிண்ணத்துப் பாதரசத்தைத் தொடும். மின்சுற்று பூர்த்தியாகும்; மின்காந்தம் இழுக்கும்; கடிகாரம் போன்ற முகப்பில் முள் ஓர் எண் நகரும். மணி ஒலிக்கும். பக்கத்துப் பெட்டியில் ஓர் அறையின் மூடி தானே திறக்கும். அட்டையை அதில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும்.

இப்போது குமாஸ்தாவைக் கவனியுங்கள். கூட்டல் அவர் கையை விட்டுப் போய்விட்டது. எந்த விவரத்தை எதனுடன் சேர்த்து எண்ணுவது என்பது கம்பி இணைப்பிலேயே தீர்மானமாகிவிட்டது. அவரிடம் கேட்கப்பட்டது கணக்கறிவு அன்று. நாள் முழுதும் கலையாத கவனம். துளையிடும் வேலையில் பெண்கள் ஏராளமாகச் சேர்ந்தனர். துளை ஓரிடம் தள்ளி விழுந்தால் விதவை சுமங்கலியாகிவிடுவாள்! போதாக்குறைக்கு, நாளொன்றுக்கு யார் எத்தனை அட்டைகள் முடித்தார் என்பதும் எளிதில் தெரிந்துவிடும். கோடு போட்ட காலத்தில் சற்றே நிமிர்ந்து உட்காரலாம். மணி அதற்கு இடம் தரவில்லை.

இதற்கும் வழி கண்டவர்கள் இருந்தார்களாம். கண்ணுக்கு மருந்து விடும் குழலால் ஒரு கிண்ணத்துப் பாதரசத்தை உறிஞ்சி எச்சில் படிக்கத்தில் விட்டுவிடுவார்களாம். சுற்று அறுந்து இயந்திரம் நின்றுவிடும். மெக்கானிக் வந்து மீண்டும் பாதரசம் ஊற்றும்வரை ஓய்வு.