காடும் தீயும்

தீ என்றவுடன் அழிவே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயினும் அடுப்பில் எரியும் தீயும் கூரையில் பற்றிய தீயும் ஒன்றல்ல என்பதை இல்லறத்தார் அறிவர். காட்டிற்கும் இவ்வேறுபாடு உண்டு. பிழைப்பு நாடி வந்து நாம் வாழும் இம்மத்திய இந்தியாவின் வரலாறே அதற்குச் சான்று.

மைக்கால் மலைப்பகுதியில் வாழும் பைகா மக்கள் ‘பேவர்’ என்னும் முறையில் பயிரிட்டு வந்தனர். மரங்களை வெட்டி உலர்த்தி, வேனிலில் எரித்து, அச்சாம்பலில் வரகும் சாமையும் விதைப்பர். சில ஆண்டுகளில் அந்நிலத்தைக் காட்டிற்கே விட்டு அகல்வர். ஏரால் உழுவது பூமித்தாயின் மார்பைக் கீறுவதாகும் என்பது அவர்தம் நம்பிக்கை. காட்டைச் சுட்டுத் தினை விதைத்த நம் குறிஞ்சி நிலத்தாரை இவர்கள் நினைவூட்டுகின்றனர்.

1853-ல் இந்நாட்டில் பயணிகள் இரயில் ஓடத் தொடங்கிற்று. தண்டவாளத்தைத் தாங்கும் சிலீப்பர்க் கட்டைகளுக்காகத் தேக்கு, சால், தேவதாரு மரங்கள் பெருமளவில் வீழ்ந்தன. மரம் அருகவே, 1864-ல் வன இலாகா அமைந்தது. ஜெர்மானியரான பிராண்டிஸ் அதன் தலைவரானார். சாத்புரா மலையில் உள்ள போரிக் காட்டில் காப்டன் பியர்சன் 1860-களில் தீத்தடுப்பைத் தொடங்கினார். 1878-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்குக் காட்டில் தீ மூட்டுவதைக் குற்றமாக்கிற்று. 1890-ல் பேவர் முறை ‘பைகா சக்’ என்ற சிறு எல்லைக்குள் அடைக்கப்பட்டது.

விளைவு யாது? வங்காளம், அஸ்ஸாம் ஆகிய இடங்களின் ஈரமிக்க சால் காடுகளில், தீ நின்றதும் புதர் மண்டிற்று. சால் விதை மழையின் தொடக்கத்தில் உதிர்ந்து உடனே முளைக்கும் இயல்புடையது. சருகு மூடிய தரையில் அதன் வேர் மண்ணை எட்டவில்லை. முளைத்த கன்றும் நிழலில் நலிந்தது. காக்கப்பட்ட மரமே வாரிசின்றி நின்றது! ஆகவே, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வன இலாகாவினரே இத்தகைய காடுகளில் காலமறிந்து எரிக்கலாயினர். வேனில் முற்றுமுன், புல்லில் சிறிது ஈரம் இருக்கையில் வைக்கும் தீ தாழ்ந்து சென்று சருகையே உண்ணும். கடுங்கோடையில் பற்றும் தீயோ கன்றையும் கருக்கும்.

எல்லாத் தீயும் நன்று என்பது நம் கருத்தன்று. ஆண்டுதோறும் பொறுப்பின்றி மூட்டப்படும் தீ காட்டை மெலியச் செய்யும். அளவும் காலமும் அறிந்த தீயையும் அதனோடு ஒன்றாக எண்ணியதே பிழை.

இன்று கட்டைகளின் இடத்தில் கான்கிரீட் சிலீப்பர்கள் கிடக்கின்றன. எனினும் நமக்குச் சோறிட்ட இருப்புப் பாதை, இக்காடுகளின் மரத்தின்மீது எழுந்தது. அதன்பொருட்டுத் தம் புனத்தை இழந்தோர் நம் அண்டையிலேயே வாழ்கின்றனர். அவர்தம் அறிவைக் கேட்டறிவது நாம் செலுத்த வேண்டிய கடன்.