கதவைச் சாத்துவதும் ஊரைக் கூட்டுவதும்: மும்பைக் கள ஆய்வுகளில் பதிலின் நம்பகம்

நவி மும்பையில் தாணே–பேலாப்பூர் சாலையை ஒட்டிய ஐரோலியில் படிவத்தோடு இறங்கும் ஆய்வாளர், நடந்துபோகும் தூரத்துக்குள்ளேயே பலவகை வீடுகளைப் பார்ப்பார். நகர வளர்ச்சிக் கழகமான சிட்கோவின் குடியிருப்புகள், பழைய கோலி, ஆக்ரி மக்களின் ஊர்நிலத்தில் மாடிமேல் மாடியாக எழுந்த கட்டடங்கள், தொழிற்பேட்டை ஓரத்துக் குடிசைகள், ஐ.டி. ஊழியர்கள் வாடகைக்கு இருக்கும் அடுக்ககங்கள். “இந்த வீட்டுக்கு எப்போது வந்தீர்கள்?” என்று கேட்டால் அடுக்ககத்துக்காரர் யோசிக்காமல் சொல்லிவிடுவார். குடிசைக்காரர் கேட்டவரின் முகத்தைப் பார்ப்பார். 2000 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்தவருக்குத்தான் மகாராஷ்டிரத்தில் இலவச மாற்று வீடு. அந்த ஒரு தேதியில் அவர் குடும்பத்தின் கூரை தொங்குகிறது. பக்கத்துத் திகாவில் 99 கட்டடங்களை இடிக்க 2015-இல் மும்பை உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, அந்த வட்டாரத்தில் கணக்கெடுக்க வரும் யாரையும் மக்கள் ஐயத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை.

தவறான பதிலைப் பதிலளித்தவரின் குணக்குறையாகக் குறித்துவைப்பது கள ஆய்வுத் துறையின் பழைய வழக்கம். அதை ஏற்க முடியவில்லை. பதில் யார் காதில் விழுகிறது, அதைக் கொண்டு என்ன செய்யப்போகிறார்கள் என்ற இரண்டுமே உண்மையின் அளவைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

தாராவியில் 2024 மார்ச்சில் தொடங்கிய மறுசீரமைப்புக் கணக்கெடுப்பு இதற்குத் தெளிவான சான்று. தரைத்தளத்தில் 2000-க்கு முன்பிருந்தே இருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே வீடு. பின்னால் வந்தவருக்கும் மேல்மாடியில் இருப்பவருக்கும் தாராவிக்கு வெளியே, அதுவும் விலைக்கோ தவணை முறையிலோ. இந்த நிலையில் “மேலே இருப்பது யார்?” என்று கேட்டால், கீழ்வீட்டுக்காரரும் மாடி வாடகைக்காரரும் வெவ்வேறு பதில் சொல்ல எல்லாக் காரணமும் இருக்கிறது. கணக்கெடுப்பவருக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் அந்தக் காரணம் மறையாது.

இதற்கு மும்பையிலேயே ஒரு மாற்று வழி உருவானது. நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்று 1985 ஜூலையில் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் ஸ்பார்க் என்ற தொண்டு அமைப்பு பைகுல்லா வட்டாரத்து நடைபாதைவாசிகளோடு சேர்ந்து சுமார் 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்து, ‘வீ, தி இன்விசிபிள்’ என்ற அறிக்கையை வெளியிட்டது. கோலார் தங்கவயலில் பிறந்து மும்பைக் குடிசைமக்களின் தலைவரான ஜோக்கின் அற்புதத்தின் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு, மக்களே தங்களை எண்ணும் இந்த முறையைப் பின்னர் பல நகரங்களுக்குக் கொண்டுசென்றது. வீட்டுக்கு வீடு எண் எழுதி, வரைபடம் போட்டு, எடுத்த பட்டியலை அந்தத் தெருவுக்கே திருப்பிக் காட்டித் திருத்துவார்கள்.

எண்ணிக்கை கூடினால் தங்களுக்கு நல்லது என்று மக்களே மிகைப்படுத்த மாட்டார்களா? மாட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் இல்லாத குடும்பத்தை எழுதினால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். இருக்கும் குடும்பத்தை விட்டால் விடுபட்டவரே வந்து நிற்பார். வெளியாள் நடத்தும் கணக்கெடுப்பில் இந்தத் தணிக்கை கிடையாது.

ஆனால் தெருவின் முன் சரிபார்க்கும் இந்த முறையையே எல்லாக் கேள்விக்கும் மருந்தாக்கினால் பெருந்தீங்கு விளையும். தியோனாரில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் ஒருங்கிணைக்கும் தேசியக் குடும்பநல ஆய்வில், வீட்டு வன்முறை பற்றிய பகுதிக்கு ஒரு குடும்பத்தில் ஒரே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுப்பார்கள். தனிமை கிடைக்காவிட்டால் அந்தக் கேள்விகளைக் கேட்கவே மாட்டார்கள். பதில் கிடைக்காத இழப்பைவிட, கேட்டதால் அந்தப் பெண்ணுக்கு விழக்கூடிய அடி பெரிது. மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் இதற்கு இன்னொரு முகம் உண்டு: ஆய்வாளர் இந்தியில் கேட்க, பள்ளியில் இந்தி படித்த மகன் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பான். மகன் காதுக்கு எட்டலாம் என்று அவள் நினைத்தது மட்டுமே படிவத்தில் ஏறும். தமிழ் பேசும் ஒரு பெண்ணைக் கணக்கெடுப்பாளராக அமர்த்துவது செலவு கூடியதுதான். அந்தச் செலவைத் தவிர்த்துவிட்டு எடுக்கும் பதிலை அவளுடைய பதில் என்று அச்சிடக் கூடாது.

கூச்சமான கேள்விகளுக்கு 1965-இல் ஸ்டான்லி வார்னர் ஓர் உபாயம் சொன்னார். இரண்டு எதிரெதிர்க் கூற்றுகளில் எதற்குப் பதில் சொல்கிறோம் என்பது குலுக்கலால் முடிவாகும்; கேட்பவருக்கு அது தெரியாது; மொத்த விகிதத்தை மட்டும் கணக்கிட்டு எடுக்கலாம். கணிதத்தில் குறையில்லை. ஆனால் அரசுக் கணக்கெடுப்புக்கே அஞ்சும் குடிசை வாசலில் குலுக்கல் காட்டினால் அச்சம் கூடவே செய்யும் என்று நினைக்கிறேன்.

பிழையெல்லாம் அச்சத்தால் வருவதுமில்லை. தேசிய மாதிரி ஆய்வின் 55-ஆம் சுற்றில் (1999–2000) உணவுச் செலவைக் கடந்த 7 நாளுக்கும் 30 நாளுக்குமாக ஒரே குடும்பத்திடம் கேட்டார்கள். ஒரு கணக்கு மற்றதை இழுத்துக்கொண்டது என்ற ஐயத்தால், அந்த ஆண்டின் வறுமை மதிப்பீடே நெடுங்காலம் சர்ச்சைக்குள்ளானது. அங்கே யாருக்கும் பொய் சொல்லத் தேவையிருக்கவில்லை. படிவத்தின் அமைப்பே பதிலை வளைத்துவிட்டது.

ஆகவே ஐரோலி போன்ற இடத்தில் ஒரே படிவத்தை எல்லா வாசலிலும் நீட்டுவது தவறு. குடியிருப்புக் காலம், வீட்டின் எல்லை போன்ற தெருவறிந்த செய்திகளைத் தெருவின் முன்னிலையில் சரிபார்க்கலாம். வருமானம், கடன், நோய், அடி ஆகியவற்றுக்குச் சாத்திய கதவு வேண்டும். ஆய்வேடுகளின் முறையியல் பகுதியில் மாதிரியின் அளவை மட்டும் எழுதிவிட்டு நின்றால் போதாது. பேட்டியின்போது உடன் யார் இருந்தார்கள், எந்த மொழியில் நடந்தது, பதில் யாரிடம் போகும் என்று பதிலளித்தவரிடம் சொல்லப்பட்டது ஆகிய மூன்றையும் ஒவ்வொரு படிவத்திலும் பதிந்து, முடிவுகளோடு வெளியிடுமாறு ஆய்விதழ்கள் கட்டாயப்படுத்த வேண்டும்.