ஆமூர் மல்லனும் ஹாஃப் கார்டும்

நமக்கு ஊர் நெம்மேலி. கிழக்குக் கடற்கரைச் சாலையில தெற்கே கொஞ்ச நேரம் வண்டி ஓட்டினா மாமல்லபுரம். மல்லன்னா மற்போர் வீரன். மாமல்லன்ங்கறது கி.பி. 642-ல வாதாபியைப் பிடிச்ச முதலாம் நரசிம்மவர்மனோட பட்டப்பேர். ஆனா பேர்ல பட்டம்தான் இருக்கு, பிடி இல்ல.

பிடி வேணும்னா சங்க காலத்துக்குப் போகணும். புறநானூறு 80. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர்ல ஒரு மல்லனோட மோதினதை சாத்தந்தையார் நேர்முக வர்ணனை மாதிரி சொல்றார். (மாமல்லபுரம் இருந்த ஆமூர்க் கோட்டத்தோட குழப்பிக்காதீங்க. இது முக்காவல் நாட்டு ஆமூர்னு பாட்டோட அடிக்குறிப்பே சொல்லுது.) கிள்ளியோட ஒரு கால் எதிராளி மார்பை அழுத்துது. இன்னொரு கால், அவன் போட வர்ற உத்தியைத் தடுத்துட்டு, முதுகுப் பக்கம் வளையுது. அப்புறம் பசிச்ச யானை மூங்கிலை முறிக்கிற மாதிரி தலைப்பக்கமும் கால்பக்கமும் ஒடிய ஒரே மோது.

சரி, இப்ப பிரேசிலியன் ஜியு ஜிட்சுவுக்கு வருவோம். கீழே கிடக்கறவன், மேல இருக்கறவனோட ஒரு காலை மட்டும் தன் ரெண்டு காலுக்கும் நடுவுல பூட்டி வெச்சா அது ஹாஃப் கார்ட். ரொம்ப நாள் இதைப் பாதி தோத்த நிலையாத்தான் நினைச்சாங்க. 1990கள்ல ராபர்டோ 'கோர்டோ' கொரெயா, முழங்கால்ல அடிபட்டதால இதுலயே ஆட ஆரம்பிச்சு, தாக்குற இடமா மாத்திட்டார்.

முதுகுக்குப் போற வழி இதுதான். ஒருக்களிச்சுப் படுத்து, எதிராளி அக்குளுக்குக் கீழ கையை விடணும். அவன் நம்மளை மல்லாத்தப் பார்ப்பான், அதைத் தடுக்கணும். பூட்டின காலை விடாம, தலையை அவன் அக்குள் வழியா வெளிய எடுத்து, முதுகுப் பக்கம் ஏறணும். காலை அவன் தொடைக்குள்ள கொக்கி மாதிரி மாட்டணும். ரெண்டு கொக்கியும் விழுந்தா போட்டியில 4 புள்ளி.

ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. பிடி வேற, கணக்கு ஒண்ணு. ஆளை நகரவிடாம வை, அவன் உத்தியை முறி, முதுகுக்குப் போ.

உடனே 'அப்பவே தமிழன்...'னு கிளம்பிடாதீங்க மக்களே :-) ஜூடோக்காரர் மிட்சுயோ மயேடா 1914-ல பிரேசில் போனார். அவர்கிட்ட கத்துக்கிட்ட கார்லோஸ் கிரேசியும் அவர் தம்பிகளும் வளர்த்தாங்க. வரலாறு தெளிவா இருக்கு. பாட்டுல ஹாஃப் கார்டும் கிடையாது. ரெண்டு பேரும் நிக்கறாங்களா, கிடக்கறாங்களான்னுகூட அதுல இல்ல. மனுஷ முதுகுல கண்ணு கிடையாது, கையும் அங்க எட்டாது. அதனால எந்த ஊர்ல மல்லுக்கட்டினாலும் முதுகைத்தான் தேடுவான்.

எனக்கு உறுத்தறது வேற. மயேடாலேர்ந்து கோர்டோ வரைக்கும் குரு, சிஷ்யன்னு சங்கிலி அறாம வந்திருக்கு. கிள்ளியோட பிடிக்கு அப்படி யாரும் இல்ல. எந்தக் கால் எங்க இருந்துச்சுங்கற குறிப்புதான் மிச்சம். அதையும் ராஜா புகழ்ச்சின்னு மேலோட்டமா படிச்சுட்டுப் போயிடறோம்.

அந்தப் பாட்டுல சாத்தந்தையாருக்கு ஒரே ஆசை. கிள்ளியோட அப்பா தித்தன், மகிழ்ந்தாலும் சரி, மகிழாட்டியும் சரி, இந்தச் சண்டையைப் பார்க்கணும். பாய்ல புரள்ற பசங்க யாராவது இதைப் படிச்சா, ஒரு தடவை அந்தக் கால் ரெண்டையும் அப்படியே வெச்சுப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. தமிழ் வாத்தியார் யாரும் சொல்லாத ஒரு உரை கிடைக்கலாம்.