அஞ்சலகக் கணக்கும் அமானிதமும்

தென்பெண்ணைக் கரையிலுள்ள எமது மூங்கில்துறைப்பட்டில் அஞ்சலகக் கணக்கு வைத்திருப்போர் பலர். கரும்பு வெட்டும் கூலியாளும், வெளிநாட்டில் உழைக்கும் மகனின் தாயும் அவர்களுள் அடங்குவர். "ஹஜ்ரத், பணம் பத்திரமாக இருக்கிறது, ஆனால் வட்டியும் சேர்கிறதே?" என்று அவர்கள் நம்மிடம் வினவுவதுண்டு. இவ்வினாவுக்கு நெடிய வரலாறு உண்டு.

ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களிடம் மக்கள் தம் பொருளை அமானிதமாக ஒப்படைக்க வருவர். அவர்களோ அதை அமானிதமாக ஏற்காமல் கடனாகவே ஏற்பார்கள். அமானிதம் காப்பவரின் தவறின்றித் தொலைந்தால் அவர் ஈடுசெய்ய வேண்டியதில்லை; கடனையோ எந்நிலையிலும் திருப்பித் தந்தாக வேண்டும். அவர்கள் ஷஹீதானபோது அக்கடன் 22 இலட்சமாக இருந்தது என்று ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. மகனார் அப்துல்லாஹ் (ரலி) அதனை அடைத்த பின்னரும், நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவிப்புச் செய்துவிட்டே வாரிசுகளுக்குச் சொத்தைப் பங்கிட்டார்கள்.

இன்றைய வங்கி வைப்பும் இத்தகையதே. பெயர் வைப்பு, வங்கி அதைப் பயன்படுத்துவதாலும், திருப்பித் தரப் பொறுப்பேற்பதாலும் அது கடனாகிறது. கடன்மீது நிபந்தனையாக வரும் மிகுதியே வட்டி.

இங்கிலாந்தில் 1861இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தோன்றியது. இந்தியாவில் 1880இல் மணியார்டரும் 1882இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கியும் தொடங்கின. பெருவங்கிகள் எட்டாத ஊர்களில் எளியோரின் சிறுதொகைக்கு அரசின் பொறுப்பு கிடைத்தது.

எகிப்தில் 1901இல் அஞ்சலகச் சேமிப்பு தொடங்கியபோது, முஸ்லிம்கள் பலர் பணத்தைப் போட்டனர். வட்டியை மட்டும் வாங்க மறுத்தனர். இப்பிரச்சினை அந்நாட்டு முஃப்தி முஹம்மத் அப்துஹு வரை சென்றது. பின்னர் அல்அஸ்ஹரின் தலைவராயிருந்த மஹ்மூத் ஷல்தூத், அஞ்சலகச் சேமிப்பின் இலாபம் கூடும் என்றார். ஆனால் 1965இல் கெய்ரோவில் கூடிய இஸ்லாமிய ஆய்வு மன்றத்தின் மாநாடு, கடன்மீதான எவ்வகை வட்டியும் ஹராமே என முடிவு செய்தது. பெரும்பாலான ஆலிம்களின் நிலைப்பாடும் அதுவே.

நம் நாட்டில் 2018 செப்டம்பர் 1 அன்று இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி நாடெங்கும் தொடங்கப்பட்டது. தபால்காரர் வீட்டுவாசலிலேயே கைரேகை பெற்றுப் பணம் வழங்குகிறார். பேமெண்ட்ஸ் வங்கிகள் கடன் கொடுக்க இயலாது. ஆயினும் வைப்பின் பெரும்பகுதியை அரசுக் கடன் பத்திரங்களில் இட்டே வருவாய் ஈட்டுகின்றன. சேமிப்புக் கணக்குக்கு வட்டியும் தருகின்றன. ஆகவே, "கடன் கொடுக்காத வங்கி, எனவே வட்டியில்லை" என்று எண்ணுதல் பிழை.

எனவே பாதுகாப்பையும் வட்டியையும் நாம் பிரித்தறிய வேண்டும். உழைத்த பணத்தைப் பாதுகாப்பதும், ஓரூரிலிருந்து மற்றோரூருக்கு அனுப்புவதும் ஆகுமானவை. வணிகர்கள் வட்டியில்லா நடப்புக் கணக்கை நாடலாம். சேமிப்புக் கணக்கு வைத்திருப்போர் வட்டியைத் தனியே கணக்கிட்டு எடுத்து, நன்மையை எதிர்பாராமல் வறியோருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதே இந்திய ஆலிம்கள் பலரின் வழிகாட்டல். அதனை ஸகாத்தாகவோ ஸதகாவாகவோ கருதலாகாது.

பாஸ்புக்கில் வட்டி வரவாகும் வரி மிகச் சிறியதாக இருக்கலாம். அதனை அடையாளமிட்டு விலக்கும் பழக்கத்தை நம் பிள்ளைகள் நம்மிடமிருந்தே கற்கட்டும். அல்லாஹ் நம் உணவை ஹலாலாக்கித் தருவானாக. ஆமீன்.