ஒரே மைக், பிரிந்த இருவர்: ஸ்டாக்ஹோமும் மலேசியாவும்

வானொலி நிலையத்தில் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால், அறிவிப்பாளர் தன் காய்ச்சலையும் கடனையும் குரலில் காட்டக்கூடாது. அதே மேசையின் எதிர்ப்பக்கம் அமர்ந்திருப்பவர் ஒருகாலத்தில் தான் காதலித்தவராக இருந்தாலும் இதுதான் நியதி. இருவர் சேர்ந்து நடத்தும் நிகழ்ச்சியில் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் பிடிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் மூச்சை இழுப்பதை வைத்தே அவர் பேசப் போகிறார் என்று அறிந்து வழிவிட வேண்டும். நெருங்கிப் பழகியவர்களுக்கு இது எளிதாக வரும். பிரிந்த பிறகும் அந்தப் பழக்கம் தொழிலுக்குத் துணையாக இருக்கிறது. மனத்துக்கு மட்டும் பாரமாகிவிடுகிறது.

அறிவிப்பாளர்களின் பிரிவு பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. மைக் முன் நிற்கும் இன்னொரு கூட்டத்தாரான பாடகர்களின் பிரிவோ ஊரறியப் பதிவாகிவிடுகிறது. ஆகவே பிரிந்த பின்னும் குரலில் காக்கும் இந்த நிதானத்தை ஆராய இரண்டு இசை இணைகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, ஸ்வீடனின் ஆபா குழுவைச் சேர்ந்த அக்னெதா ஃபால்ட்ஸ்கோக், பியோர்ன் உல்வேயஸ். மற்றொன்று, நம் ஜி.வி. பிரகாஷ் குமார், சைந்தவி.

1971-இல் மணந்துகொண்ட அக்னெதாவும் பியோர்னும் பிரிவதாக 1979 தொடக்கத்தில் அறிவித்தார்கள். குழு கலையவில்லை. அதே ஆண்டு வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சேர்ந்து மேடையேறினார்கள். 1980 கோடையில், ஸ்டாக்ஹோமின் போலார் ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்’ பாட்டைப் பதிவு செய்தார்கள். காதலில் தோற்ற பெண்ணொருத்தி பேசும் பாட்டு அது. வரிகளை எழுதியவர் பியோர்ன், பாடியவர் அக்னெதா.

ஜி.வி. பிரகாஷும் சைந்தவியும் பள்ளிக் காலத்து நண்பர்கள். 2011-இல் வெளிவந்த ‘மயக்கம் என்ன’ படத்துக்காகப் பிரகாஷின் இசையில் ‘பிறை தேடும்’ பாடலை இருவரும் சேர்ந்து பாடினார்கள். 2013-இல் மணந்தார்கள்; பிரிவதாக 2024 மே மாதம் அறிவித்தார்கள். அந்த டிசம்பரில் மலேசியாவில் நடந்த பிரகாஷின் இசை நிகழ்ச்சியில் சைந்தவி மேடையேறி, அதே பாட்டை அவரோடு பாடினார். 2025-இல் நீதிமன்றம் விவாகரத்து வழங்கியது.

சொல் யாருடையது?

இரண்டுக்கும் உள்ள முதல் வேறுபாடு, பாடுகிறவர் வாயில் இருக்கும் சொல் யாருக்காகப் பிறந்தது என்பது. ‘பிறை தேடும்’ செல்வராகவனின் கதைமாந்தர்களுக்காக உருவான பாட்டு. மனம் உடைந்துபோன புகைப்படக் கலைஞன் கார்த்திக்கும், அவனைத் தாங்கிப் பிடிக்கும் யாமினியும் அதற்கு உரியவர்கள். பிரகாஷும் சைந்தவியும் மலேசியாவில் பாடியபோது அந்தக் கதைமாந்தர்கள் இருவருக்கும் நடுவே நின்றார்கள். யாரோ எழுதிக் கொடுத்த தாளைப் படிக்கும் செய்தி வாசிப்பாளருக்கு அந்தத் தாளே காவலாக இருப்பது போன்றது இது.

அக்னெதாவுக்கு அந்தக் காவல் இல்லை. தன்னைப் பிரிந்தவர், பிரிந்த பின் எழுதிய வரிகளை அவர் பாடினார். விவாகரத்தின் அனுபவத்திலிருந்து பிறந்தாலும் அந்தக் கதை கற்பனையே என்றும், தங்கள் பிரிவில் வென்றவரும் இல்லை தோற்றவரும் இல்லை என்றும் பியோர்ன் பலமுறை விளக்கியிருக்கிறார். அந்தப் பாட்டில் தன் உணர்வைக் கொட்ட முடிந்தது என்று அக்னெதாவும் பின்னாளில் சொன்னார். பாட்டைக் கேட்டால் அவர் சொன்னதன் பொருள் விளங்கும். தொடக்கத்தில் குரல் அடங்கி, பேச்சுக்கு அருகில் நிற்கிறது. பிறகு சுற்றுக்குச் சுற்று ஏறுகிறது. உச்சத்திலும் சுருதி விலகவில்லை, சொல் சிதறவில்லை. வலியை மறைக்காமலே அதைத் தாளத்துக்குள் நிறுத்துகிறார்.

ஆக, மலேசியாவில் கண்டது உணர்வுக்கும் குரலுக்கும் இடையே தொலைவு வைக்கும் நிதானம். ஸ்டாக்ஹோமில் கேட்டது உணர்வைக் குரலாக்கும் நிதானம். முதலாவது வானொலிக்காரர்களுடையது, நாள்தோறும் கைகொடுப்பது. இரண்டாவது அபூர்வமானது. அதை ஒருவரிடம் தினமும் எதிர்பார்ப்பது கொடுமை.

குரலும் முகமும்

இரண்டாவது வேறுபாடு முகம் பற்றியது. வானொலியில் கேட்கிறவருக்குக் குரல் மட்டுமே கிடைக்கிறது. பேசுகிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வானிலை அறிக்கையைச் சொல்லி முடிக்கலாம். குரல் நேராக இருந்தால் போதும். காட்சி வந்ததும் இந்தச் சலுகை போய்விடுகிறது. ஆபாவின் பாட்டுக்கான படத்தை இயக்குநர் லாஸே ஹால்ஸ்ட்ரோம் 1980 ஜூலையில் மார்ஸ்ட்ராண்ட் என்ற கடலோர ஊரில் எடுத்தார். விவாகரத்து உறுதியாகிச் சில நாட்களே ஆகியிருந்தன. அக்னெதாவின் முகத்தை மிக நெருக்கத்தில் காட்டும் படம் அது. அதன் பிறகு அந்தப் பாட்டை அவருடைய வாக்குமூலமாகவே உலகம் கேட்கத் தொடங்கியது.

சைந்தவிக்கு நேர்ந்தது இதைவிடக் கடினம். ஆபாவின் படத்தில் ஒரு கேமரா, ஓர் இயக்குநர். மலேசிய அரங்கிலோ ஆயிரக்கணக்கான கைப்பேசிகள். அவர் எந்த வரியில் யாரைப் பார்த்தார், எப்போது சிரித்தார் என்று துண்டு துண்டாக வெட்டிப் பரப்பினார்கள். மீண்டும் சேர்வார்களா என்று கேட்டார்கள். பாட்டு எப்படி இருந்தது என்ற கேள்வி பின்னால் போய்விட்டது.

பாரம் யார் தோளில்?

இரண்டு இடங்களிலும் ஒன்றாக இருப்பது பெண்ணின் மேல் விழுந்த கூடுதல் சுமை. வரிகளை எழுதியவர் பியோர்ன். அந்த வலிக்குரிய முகமாகக் கேமரா காட்டியது அக்னெதாவை. பிரகாஷும் சைந்தவியும் சேர்ந்து எடுத்த முடிவுக்கு யூடியூபில் ஆளாளுக்குக் காரணம் கற்பித்தபோது, தாங்கள் 24 ஆண்டு நண்பர்கள், அது தொடரும் என்று சைந்தவி வெளிப்படையாக விளக்க வேண்டியிருந்தது. அந்த வதந்திகளைப் பிரகாஷும் கண்டித்தார். பழைய துணையோடு பணியாற்றும் பெண் சிரித்தால் ஒரு பேச்சு, சிரிக்காவிட்டால் இன்னொரு பேச்சு. பள்ளிக்கூடம், வங்கி, வானொலி நிலையம் என எங்கே வேலை பார்த்தாலும் இந்தச் சுமையைப் பல பெண்கள் அறிவார்கள். அவர்களுடைய நிதானத்தைக் கல்நெஞ்சம் என்று சொல்வது அநியாயம்.

செங்கத்து அளவுகோல்

இந்த இரண்டு நிதானத்தையும் மதிப்பிட அளவுகோல் தேடி நான் தமிழுக்கு வெளியே போக வேண்டியதில்லை. சவ்வாது மலையடிவாரத்துச் செங்கம்தான் சங்க காலச் செங்கண்மா. பத்துப்பாட்டின் 583 அடி மலைபடுகடாம் இவ்வூர் மன்னன் நன்னனைப் பாடுகிறது, பாடியவர் பெருங்கௌசிகனார். இசைக்கருவிகளைப் பையில் கட்டிச் சுமந்து மலையேறும் கூத்தரை வழிப்படுத்தும் பாட்டு அது. மலையில் எழும் ஒலிகளைப் புலவர் அதில் அடுக்கிக்கொண்டே போகிறார். அருவி இரைகிறது, யானை பிளிறுகிறது. புலி பாய்ந்து புண்பட்ட கணவனின் மார்புக் காயம் ஆற, குறிஞ்சிநிலத்துக் கொடிச்சியர் பாடும் பாட்டும் அந்த ஒலிகளில் ஒன்று. காயத்தின் பக்கத்தில் நின்று, குரல் உடையாமல் பாடுவது அங்கே பெண்கள் செய்த வேலை. அக்னெதாவின் குரலை நான் இந்த வரிசையில் வைக்கிறேன். வேறுபாடு ஒன்றே: கொடிச்சியர் மற்றவரின் புண்ணுக்குப் பாடினார்கள், அவர் தன் புண்ணுக்கும் சேர்த்துப் பாடினார்.

நன்னனைப் பெயர் சொல்லிப் புகழும் அந்தப் பாட்டு கொடிச்சியின் பெயரைக் கேட்கவில்லை. காதலைப் பாடும் அகப்பாட்டில் பெயர் சொல்லாமை விதியாகவே ஆகிவிடுகிறது. காதலர் பெயரைச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் வகுத்தது. நெடுநல்வாடை பிரிவுத் துயரைப் பேசினாலும், பாண்டியரின் வேம்பு அடையாளம் அதில் வந்துவிட்டதால் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதை அகமாகக் கொள்ளவில்லை. இந்த விதி காதலர்களுக்கு மட்டுமின்றிப் பாடுகிறவருக்கும் காவல். பெயர் இல்லாதபோது யாருடைய பிரிவையும் யாரும் பாடலாம், யாரும் கேட்டுத் தன் பிரிவாக்கிக்கொள்ளலாம்.

‘தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்’ பாட்டிலும் எவர் பெயரும் இல்லை. ‘பிறை தேடும்’ பாட்டிலும் இல்லை. பாடியவர்கள் அக மரபின் எல்லைக்குள்தான் நின்றார்கள். பெயரை ஒட்டவைத்தவர்கள் கேட்டவர்கள். அதனால் என் முடிவு இது: பிரிந்தவர்கள் நிதானமாகச் சேர்ந்து பணியாற்றுவதற்கு அவர்களுடைய மனவலிமை பாதிதான் காரணம். மீதியைக் கேட்பவர்கள் தர வேண்டும். ஆபாவின் நால்வரும் தொடர்ந்து பாடி, 1982-இல் நிறுத்தி, 2021-இல் புதிய இசைத்தொகுப்போடு திரும்பி வந்தார்கள். அன்பு வடிவம் மாறியும் வேலையில் தொடரலாம் என்பதற்கு அது சான்று. நம் கலைஞர்களுக்கும் அந்த நீண்ட காலத்தை நாம் கொடுக்க முடியும். அடுத்த முறை பிரிந்த இருவர் ஒரே மைக் முன் நின்றால் அவர்கள் கண்ணைப் பின்தொடராமல் பாட்டைக் கேட்போம். நன்றாக இருந்தால் பாட்டுக்காகக் கைதட்டுவோம்.