பேராதனை வாயும் மியூனிக் வெளிச்சமும்

பேராதனைப் பல் வைத்தியபீடத்துக்கும் வாய்ப் புற்றுநோய்க்குமான தொடர்பு நெடியது. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் மலையகத் தோட்டங்களில் உழைப்பின் களைப்பைப் போக்கும் துணையாக வந்தவை. அவையே வாயில் வெண்படலமாகவும் ஆறாப் புண்ணாகவும் மாறின. இலங்கை ஆண்களிடையே முதலிடம் பிடித்த புற்றுநோய் இதுவே. ஆரம்ப சுகாதாரப் பணியாளரைக் கொண்டே இந்நோயை முன்கூட்டிக் கண்டறிய இயலும் என்பதைப் பேராதனையைச் சேர்ந்த சமன் வர்ணகுலசூரியவும் சகாக்களும் 1984-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் எடுத்துக்காட்டினர்.

முன்கூட்டிக் கண்டறிவது ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு, வெளிச்சத்தால் புற்றை அழிக்கும் சிகிச்சையின் கதை புதியதொரு காரணத்தைத் தருகிறது.

1900-ஆம் ஆண்டு. மியூனிக் நகரில் ஒஸ்கார் ராப் என்ற மாணவர், அக்ரிடின் என்னும் சாயம் பரமேசியம் என்ற நுண்ணுயிரை எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். சாயத்தின் அளவு ஒன்றே. ஆயினும் ஒரு நாள் உயிரிகள் விரைந்து மாண்டன, மற்றொரு நாள் நெடுநேரம் நீந்தின. வேறுபாடு சாயத்தில் இல்லை, அறைக்குள் விழுந்த ஒளியில் இருந்தது. பேராசிரியர் தப்பைனர் இதன் பயனை உடனே உணர்ந்தார். 1903-இல் யெசியோனெக் என்பவருடன் சேர்ந்து, தோற்புற்றில் இயோசின் சாயத்தைத் தடவி ஒளி காட்டினார். ஒட்சிசன் இன்றி இந்த விளைவு நிகழாது என்பதும் அவரது குழுவினர் கண்டதே. பெரும் புகழ் பேராசிரியருக்கே சேர்ந்தது. மாணவர் பெயரை இன்று தேடித்தான் பிடிக்கவேண்டும்!

மயர்-பெட்ஸ் என்ற ஜேர்மன் வைத்தியரோ 1912-இல், இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் ஹெமற்றோபோர்பிரினைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். வெயில் பட்டதும் முகமும் கைகளும் வீங்கின; பல வாரங்கள் வெளிச்சத்துக்கு அஞ்சியே வாழ்ந்தார். அதன்பின் இத்துறை நீண்ட காலம் உறங்கியது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் தோமஸ் டோஹெர்ட்டி அதனை எழுப்பினார். 25 நோயாளிகளின் 113 கட்டிகளில் 111 கட்டிகள் முழுமையாகவோ பகுதியாகவோ கரைந்தன என அவர் 1978-இல் அறிவித்தார்.

உள்ளே நடப்பது என்ன? மருந்துச் சாயம் தனக்கேற்ற சிவப்பு ஒளியை உறிஞ்சிக் கிளர்ச்சியடைகிறது. அந்தச் சக்தியை அருகிலுள்ள ஒட்சிசனுக்குக் கையளிக்கிறது. அவ்வாறு பிறக்கும் கொடிய ஒட்சிசன் கணப்பொழுதே வாழும். பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் போகாது. கலத்தின் சக்தி நிலையமான இழைமணியை அது தாக்கினால், உள்ளிருக்கும் புரதங்கள் கசிந்து, கலம் தன்னைத் தானே ஒழுங்காகக் கலைத்துக்கொள்கிறது. தாக்குதல் மிகையானால் கலம் வெடித்துச் சிதைகிறது. கட்டிக்குக் குருதி தரும் நாளங்களும் அடைபடுகின்றன.

இதே முதற்படியைக் கண்டியிலும் வேறொரு நோக்கில் ஆராய்ந்தார்கள். ஹந்தானையிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் கீர்த்தி தென்னகோனும் சகாக்களும், மலர்களில் காணப்படும் சயனிடின் சாயத்தால் திண்மச் சூரியக்கலம் ஒன்றை அமைத்து 1995-இல் வெளியிட்டனர். அங்கே கிளர்ச்சியுற்ற சாயம் இலத்திரனைக் கொடுத்து மின்சாரம் தந்தது. இங்கே ஒட்சிசனைத் தூண்டிக் கலத்தைக் கொல்கிறது. கண்டி மக்களில் எத்தனை பேர் அந்நிறுவனத்தின் வாசலைக் கடந்தும் இதனை அறியாதிருப்பரோ!

இனி வாய்க்கு வருவோம். சிவப்பு ஒளி தசையினுள் சில மில்லிமீற்றர் முதல் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கே ஊடுருவும். வாய்க்குள் விளக்கைக் கொண்டுசெல்வது எளிது; ஆனால் புண் மேலோட்டமாய் இருக்கும்போதே அது முழுப்பயன் தரும். முற்றிய தலை, கழுத்துப் புற்றுக்கும் ஐரோப்பா 2001-இல் தெமோபோர்பினை அனுமதித்தது. புற்றுக்கலத்தைத் தேடிப்பற்றும் பிறபொருளெதிரியுடன் சாயத்தைப் பிணைத்த மருந்துக்கு ஜப்பான் 2020-இல் நிபந்தனையுடன் இசைவளித்தது.

ஒரு சிக்கல் மட்டும் மயர்-பெட்ஸ் காலத்திலிருந்து தொடர்கிறது. பழைய மருந்தான ஃபொட்டோஃப்ரின் ஏற்றப்பட்டவர் குறைந்தது 30 நாட்கள் வெயிலைத் தவிர்க்கவேண்டும். நாட்கூலிக்காகத் திறந்த மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அந்த முப்பது நாள் சம்பளத்தை யார் தருவார்?